குழந்தை பிறந்தபின் நிற்காத ரத்தப்போக்கு: லேபர் ரூமின் முதல் ஒரு மணி நேரம்

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய் திறந்து நிற்கும். அவற்றை மூடுவது கர்ப்பப்பையின் தசை. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் தசைநார்கள் சுருங்கும்போது, நடுவே ஓடும் குழாய்கள் சுருக்குக் கயிற்றில் மாட்டியது போல் இறுகிவிடும். தசை தளர்ந்து கிடந்தால் திறந்த குழாய்கள் திறந்தபடியே இருக்கும். அடங்காத ரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்தில் ஒரு தாயைக் கொண்டுபோய்விடும் என்று சொல்வது இதனால்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வட்ட மருத்துவமனையிலும் பிரசவம் பார்க்கும் செவிலியர், மருத்துவர், 108 வண்டியில் வரும் தொழில்நுட்பர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். கடைசிப் பகுதி வீட்டாருக்கு. குமரி மாவட்டத்தில் எந்த ஊரில் இருந்து பார்த்தாலும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி வரைபடத்தில் பக்கம்தான். ஆனால் நீரோடியில் கிளம்பி மாலை நேர மார்த்தாண்டம் நெரிசலைத் தாண்டி வருவதும், கோதையாற்று மலைச்சாலையில் கொட்டும் மழையில் இறங்கி வருவதும் வேறு கணக்கு. வண்டி வந்து சேரும் வரையிலும், வண்டி ஓடும் நேரத்திலும் தாயைத் தாங்கிப் பிடிப்பது முதலில் பார்த்தவரின் கைதான்.

கண்ணளவை நம்பாதீர்கள்

சுகப்பிரசவத்தில் 500 மில்லி, சிசேரியனில் 1000 மில்லி போனால் அது பி.பி.எச். (பிரசவத்துக்குப் பிந்தைய மிகை ரத்தப்போக்கு). இந்த இலக்கணம் எல்லோருக்கும் தெரியும். தவறு நடப்பது அளப்பதில்தான். பழகிய கண்ணும் குறைத்தே மதிப்பிடும். ரத்தம் கூடக் கூடக் கண் போடும் கணக்கு இன்னும் குறையும். துணியில் ஊறியது, கட்டிலுக்கு அடியில் வழிந்தது, பனிக்குட நீரோடு கலந்தது எதுவும் அதில் வராது.

குழந்தை வெளியே வந்து, நீர் வடிந்ததும், தாயின் இடுப்புக்கு அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை நுழையுங்கள். பை கட்டிலின் விளிம்பில் தொங்க வேண்டும். மடிப்பு விழுந்தால் ரத்தம் மடிப்பில் தங்கி அளவு பொய்யாகிவிடும். விரிப்பு இல்லையென்றால் ஒரு சுத்தமான பெட்பானும் தராசும் போதும். ஊறிய பேட், பஞ்சு, துணி எல்லாவற்றையும் எடை போட்டு, காய்ந்த எடையைக் கழியுங்கள். 1 கிராம் என்பது 1 மில்லி. எதுவுமே இல்லாத நேரத்துக்கு ஒரு கைக்கணக்கு: முழுக்க ஊறிய பேட் சுமார் 100 மில்லி, நிரம்பிய கிட்னி ட்ரே 500 மில்லி, கட்டில் விரிப்பைத் தாண்டித் தரையில் வழிந்தால் 2 லிட்டர் வரை போயிருக்கலாம்.

500 ஆகட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 300 மில்லியைத் தொட்டு, அதோடு பல்ஸ் 100க்கு மேல் போனாலோ பிபி இறங்கினாலோ அப்போதே சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2025 வழிகாட்டுதல். நம் பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும். 45 கிலோ எடையும் 8 கிராம் ஹீமோகுளோபினும் உள்ள தாய்க்கு 400 மில்லி என்பது பெரிய இழப்பு. பல்ஸை மேல் பிபியால் வகுத்துப் பாருங்கள். 0.9க்கு மேல் வந்தால், முகம் தெளிவாக இருந்தாலும் உடம்பு தள்ளாடத் தொடங்கிவிட்டது என்று பொருள். இளவயதுத் தாய்க்கு பிபி கடைசி வரை தாக்குப்பிடித்து, பிறகு ஒரேயடியாக விழும். பிபி சரியாக இருக்கிறது என்று யாராவது ஆறுதல் சொன்னால், பல்ஸ் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள், கர்ப்பப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட், தொடையில் தசை ஊசி. ஒரு ஆம்பூலில் 5 யூனிட் இருந்தால் இரண்டு ஆம்பூல். லேபிளைப் படித்துவிட்டே உடையுங்கள். வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்பதைக் கையால் உறுதி செய்தபின் போடுங்கள். இந்த ஒரு ஊசி தவறாமல் போடப்பட்டாலே பாதிப் பிரச்சினை வராது.

அந்த ஆக்ஸிடோசின் உயிரோடு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. கர்ப்பப்பையை இறுக்கும் மற்ற ஊசிகளான மெத்தர்ஜினும் கார்போப்ரோஸ்டும் அப்படியே. மெத்தர்ஜின் வெளிச்சத்திலும் கெடும். காலையில் ட்ரேயில் எடுத்து வைத்த ஆம்பூல் மாலை வரை ஜன்னலோரம் கிடந்தால், போட்ட ஊசி வேலை செய்யவில்லை என்று பிறகு புலம்ப நேரும். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபின் மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஃபிரிட்ஜ் நின்றால் மருந்தை எந்தக் குளிர்பெட்டியில், எந்த ஐஸ் பேக்கோடு மாற்றுவது, யார் மாற்றுவது என்பது மழைக்காலத்துக்கு முன்பே எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்தாலும் கெடும். கர்ப்பப்பையை இறுக்கும் மிசோபிராஸ்டால் மாத்திரையும், உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிடும் அறை வெப்பத்தில் நிற்கும். மின்சாரம் போன இரவில் கைகொடுப்பவை இவை.

பி.பி.எச். பெட்டி என்று ஒன்றைத் தனியாக வையுங்கள். பச்சை அல்லது சாம்பல் நிறக் கேனுலா இரண்டு (நரம்பில் ஏற்றும் ஊசிக்குழாய், 18, 16 கேஜ்), டிரிப் செட், ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் உப்புநீர்) நான்கு பாட்டில், சிறுநீர் வடிக்கும் ஃபோலி கதீட்டரும் யூரின் பேக்கும், டிரானெக்ஸாமிக் ஆசிட் நான்கு ஆம்பூல், மிசோபிராஸ்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரை நான்கு, முழங்கை வரை வரும் கையுறை, ஆணுறை, பட்டு நூல், ஸ்பான்ஜ் ஃபோர்செப்ஸ் மூன்று, ரத்த மாதிரிக் குழாய்கள். குளிர் மருந்துகள் ஃபிரிட்ஜில் ஒரே டப்பாவில், பெயர் ஒட்டி. ஷிஃப்ட் மாறும்போது இந்தப் பெட்டியைத் திறந்து எண்ணுவது ஒரு நிமிட வேலை. ஒரு எச்சரிக்கை: டிரானெக்ஸாமிக் ஆம்பூலை முதுகு மயக்க மருந்து ட்ரே பக்கமே கொண்டு போகக் கூடாது. பார்வைக்கு ஒன்று போலிருக்கும் ஆம்பூலை மாற்றி முதுகுத் தண்டில் போட்டு உயிர் போன நிகழ்வுகள் உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கின்றன.

ரத்தம் கூடினால்: எல்லாம் ஒன்றாக

பழைய பழக்கம் என்ன? ஒரு மருந்து போடுவது, பத்து நிமிடம் பார்ப்பது, நிற்கவில்லை என்றால் அடுத்தது. இந்தப் படிப்படியான காத்திருப்பில்தான் நேரம் கரைகிறது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், ரத்தத்தை விரிப்பில் அளந்து, ஐந்து காரியங்களையும் (கர்ப்பப்பையைத் தேய்ப்பது, ஆக்ஸிடோசின், டிரானெக்ஸாமிக் ஆசிட், டிரிப், காரணத்தைத் தேடுவது) ஒரே மூச்சில் செய்தபோது கடும் ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. புதிய மருந்து எதுவும் அங்கே வரவில்லை. எல்லாம் நம் லேபர் ரூமில் இருப்பவைதான்.

முதலில் குரல் கொடுத்து ஆள் கூப்பிடுங்கள். தனியாகச் சமாளிப்பது திறமை ஆகாது. வந்தவர்களிடம் வேலையைப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள்: நீங்கள் ஊசி, நீங்கள் டிரிப், நீங்கள் நேரத்தை எழுதுங்கள்.

ஒருவர் கை வயிற்றில். தொப்புளுக்கு அருகே கர்ப்பப்பையைத் தேடுங்கள். உரித்த தேங்காய் போல உருண்டு கெட்டியாகக் கைக்கு அகப்பட்டால் தசை இறுகியிருக்கிறது. கரைத்த மாவு போலக் குழைந்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை என்றால் தளர்ந்திருக்கிறது. நூற்றுக்கு எழுபது பேருக்குக் காரணம் இதுதான். உள்ளங்கையைக் குவித்து, கர்ப்பப்பையின் மேல்பகுதியை ஆழமாகப் பிடித்து, வட்டமாகத் தேயுங்கள். தாய்க்கு வலிக்கும், ஏன் செய்கிறோம் என்று ஒரு வரி சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இறுகியதும் விட்டுவிடாமல், மறுபடி தளர்கிறதா என்று பாருங்கள். மூத்திரப்பை நிரம்பியிருந்தால் கர்ப்பப்பை மேலே தள்ளப்பட்டு ஒருபக்கம் சாய்ந்து நிற்கும், எவ்வளவு தேய்த்தாலும் இறுகாது. ஃபோலி போட்டு வடித்ததும் தானாகச் சுருங்கிய கர்ப்பப்பைகள் ஏராளம்.

இன்னொருவர் கேனுலா போட்டு, ரத்த வகைக்கும், பொருத்தம் பார்க்கும் கிராஸ் மேட்சுக்கும் மாதிரி எடுத்துவிட்டு, 500 மில்லி ஆர்.எல்.லில் ஆக்ஸிடோசின் 20 யூனிட் கலந்து நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு ஓட விட வேண்டும். ஆக்ஸிடோசினை நேராக நரம்பில் வேகமாகத் தள்ளக் கூடாது. ஏற்கெனவே ரத்தம் இழந்தவருக்கு பிபி சட்டென்று விழும். 24 மணி நேரத்தில் 100 யூனிட்டைத் தாண்டக் கூடாது.

அதே நேரத்தில் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம். 500 மில்லிகிராம் ஆம்பூல் என்றால் இரண்டு, மொத்தம் 10 மில்லி, நரம்பில் 10 நிமிடத்தில் மெதுவாக. வேகமாகத் தள்ளினால் பிபி இறங்கும். குழந்தை பிறந்த 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். 20,060 பெண்கள் பங்கேற்று 2017இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. காரணம் தெரிந்தபின் போடலாம் என்று ஒதுக்கி வைக்க வேண்டாம்: தசை தளர்வோ, கிழிசலோ, எதுவானாலும் போடலாம். 30 நிமிடம் கழித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ, நின்று 24 மணி நேரத்துக்குள் மறுபடி தொடங்கினாலோ இன்னொரு 1 கிராம். ரத்தம் ஏற்றும் குழாயில் இதைக் கலக்காதீர்கள்.

இரண்டாவது கேனுலாவில் வெறும் ஆர்.எல். வேகமாக. ஆனால் லிட்டர் கணக்கில் குளிர்ந்த நீரை ஏற்றினால் இருக்கும் ரத்தமும் நீர்த்து, உறையும் சக்தி குறையும். ஒன்றரை, இரண்டு லிட்டருக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் அந்தத் தாய்க்குத் தேவை ரத்தம், அதைத் தரும் இடத்துக்குக் கிளம்ப வேண்டும். போர்வையால் மூடி உடம்பைச் சூடாக வையுங்கள். மாஸ்க்கில் ஆக்ஸிஜன். மணிக்கு 30 மில்லிக்குக் குறையாமல் சிறுநீர் வருகிறதா என்று பையைப் பாருங்கள்.

ஐந்தாவது காரியம், காரணத்தைத் தேடுவது: கிழிசல் இருக்கிறதா, நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா, ரத்தம் உறைகிறதா. இது முடிவதற்குள் அடுத்த கட்டம் என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஆக்ஸிடோசினுக்கு அடங்காத தளர்ச்சிக்கு இன்னும் மூன்று மருந்துகள் உண்டு. மெத்தர்ஜின் 0.2 மில்லிகிராம் தசையில். 15 நிமிடம் கழித்து மறுபடி, மொத்தம் ஐந்து டோஸ் வரை. ரத்தக் கொதிப்பு, வலிப்பு, இதய நோய் உள்ள தாய்க்கு இது கூடவே கூடாது. நஞ்சுக்கொடி உள்ளே இருக்கும்போதும் கூடாது. கார்போப்ரோஸ்ட் 250 மைக்ரோகிராம் தசையில் மட்டும், 15 நிமிட இடைவெளியில், அதிகபட்சம் எட்டு டோஸ். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சை இறுக்கிவிடும். ஆகவே பிரசவ அறைக்குள் வரும்போதே கேட்டுவிடுங்கள்: பிரஷர் உண்டா, இளைப்பு உண்டா? ரத்தம் கொட்டும் நேரத்தில் கேட்க நேரம் இருக்காது. மூன்றாவது, மிசோபிராஸ்டால் 800 மைக்ரோகிராம், அதாவது நான்கு மாத்திரை, நாக்குக்கு அடியில். நடுக்கமும் காய்ச்சலும் வரும், பயப்பட வேண்டாம். ஆக்ஸிடோசின் கையில் இல்லாத இடத்துக்கு இதுவே முதல் மருந்து.

கர்ப்பப்பை இறுகியும் ரத்தம் வந்தால்

கை வைத்தால் கல்லாக இருக்கிறது, ஆனால் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சீராக வழிகிறது: கிழிசலைத் தேடுங்கள். நல்ல வெளிச்சமும், இழுத்துப் பிடிக்க ஓர் ஆளும் வேண்டும். ஸ்பான்ஜ் ஃபோர்செப்ஸால் கர்ப்பப்பை வாயின் விளிம்பைப் பிடித்து, அடுத்ததை இரண்டு விரல்கடை தள்ளிப் பிடித்து, கடிகார முள் போல முழு வட்டமும் சுற்றி வாருங்கள். தையலைக் கிழிசலின் மேல்முனைக்கும் சற்று மேலே தொடங்க வேண்டும். சுருங்கி உள்ளே போன குழாய் அங்கேதான் ஒளிந்திருக்கும். முனை கைக்கு எட்டவில்லை என்றால் பஞ்சுத் துணியை அழுத்தமாக அடைத்துவிட்டு அனுப்புங்கள். வெளியே ரத்தமே இல்லாமல், தாய் ஆசனவாய்ப் பக்கம் பிளக்கிற மாதிரி வலி என்று துடித்து, பல்ஸ் ஏறிக்கொண்டே போனால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. வலி ஊசி போட்டுப் படுக்கவைத்துவிட்டுப் போகாதீர்கள்.

நஞ்சுக்கொடி

நஞ்சுக்கொடி பிரிந்ததற்கு அடையாளம் மூன்று: கர்ப்பப்பை உருண்டு மேலே எழும், தொப்புள்கொடி வெளியே நீளும், ஒரு வீச்சு ரத்தம் வரும். ஒரு கையால் பூப்பெலும்புக்கு மேலே கர்ப்பப்பையைத் தலைப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கர்ப்பப்பை இறுகியிருக்கும்போது மட்டும், மறுகையால் கொடியைச் சீராக இழுங்கள். இந்தத் தள்ளிப் பிடிக்கும் கை இல்லாமல், தளர்ந்த கர்ப்பப்பையில் கொடியை இழுத்தால் கர்ப்பப்பை, துணிப் பையின் உள்பக்கம் வெளியே வருவது போலப் புரண்டு வந்துவிடும். வயிற்றில் கர்ப்பப்பை கைக்கு அகப்படாது, பிறப்புவழியில் சிவந்த உருண்டை ஒன்று தெரியும், போன ரத்தத்துக்குப் பொருந்தாத அளவு தாய் துவண்டு கிடப்பார். அப்போது ஆக்ஸிடோசின் டிரிப்பை நிறுத்திவிட்டு, ஒட்டியிருக்கும் நஞ்சுக்கொடியைப் பிய்க்காமல் அப்படியே, உருண்டையை உள்ளங்கையில் ஏந்தித் தொப்புள் திசையில் உள்ளே தள்ள வேண்டும். உடனே செய்தால் போகும். நேரம் ஆக ஆகக் கர்ப்பப்பை வாய் இறுகி வழியை அடைத்துவிடும். உள்ளே போனதும் ஆக்ஸிடோசினைத் தொடங்கி, இறுகும் வரை கையை எடுக்காதீர்கள்.

வெளியே வந்த நஞ்சுக்கொடியைப் பக்கெட்டில் போடும் முன் இரண்டு நிமிடம் கொடுங்கள். எத்தனையோ தாய்மார் பத்தாம் நாள் ரத்தப்போக்கோடு திரும்பி வருவதற்குக் காரணம் இந்த இரண்டு நிமிடம் கிடைக்காமல் போனதுதான். தட்டையான ட்ரேயில் பரப்பி, தாயோடு ஒட்டியிருந்த பக்கத்தை மேலாக்கி, ஓடும் தண்ணீரில் ரத்தக்கட்டிகளைக் கழுவுங்கள். 15 முதல் 20 மேடுகள், ஈரமண்ணில் வெடிப்பு விட்டது போல, ஒன்றோடொன்று பொருந்தி இருக்கும். இரண்டு கையாலும் குவித்துப் பிடித்தால் மேடுகள் இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். எங்காவது பள்ளமாக, சொரசொரவென்று, ரத்தம் கசிகிற திட்டு தெரிந்தால் அந்தத் துண்டு உள்ளே இருக்கிறது. பிறகு கொடியைப் பிடித்துத் தூக்குங்கள், சவ்வு பை போலத் தொங்கும். குழந்தை வந்த ஓட்டை ஒன்றுதான் இருக்க வேண்டும். கடைசியாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ரத்தக்குழாய்களைப் பாருங்கள். ஒரு குழாய் நஞ்சுக்கொடியின் விளிம்பைத் தாண்டிச் சவ்வில் ஓடி, கிழிந்த இடத்தில் நின்றுபோயிருந்தால், அதன் மறுமுனையில் ஒரு குட்டித் துண்டு கர்ப்பப்பைக்குள் தங்கிவிட்டது. பெரிய துண்டு முழுதாக இருக்கிறதே என்று ஏமாந்துபோவது இங்கேதான்.

30 நிமிடமாகியும் வரவில்லை என்றால் அது தங்கிய நஞ்சுக்கொடி. ரத்தம் போகிறது என்றால் பாதி பிரிந்திருக்கிறது. அது 30 நிமிடத்துக்குக் காத்திருக்கக் கூடாத நிலை. மூத்திரப்பையைக் காலி செய்து, இன்னொரு 10 யூனிட் ஆக்ஸிடோசின் தசையில் போட்டு, முறைப்படி ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் கையால் எடுக்க வேண்டும். மயக்கமோ வலி மறைப்போ கொடுத்து, ஆன்டிபயாடிக் ஒரு டோஸ் போட்டு, பயிற்சி உள்ள மருத்துவர் செய்ய வேண்டியது இது. வெளிக்கை வயிற்றின் மேல் கர்ப்பப்பையைப் பிடித்திருக்க, உள்கை கொடியைத் தொடர்ந்து போய் நஞ்சுக்கொடியின் விளிம்பைக் கண்டுபிடித்து, விரல்களைச் சேர்த்து, கையின் ஓரத்தால் தோசைத் திருப்பியைக் கல்லோடு ஒட்டி நகர்த்துவது போல மெல்லப் பிரிக்க வேண்டும். முழுதும் பிரிந்தபின்தான் வெளியே எடுப்பது. பிரிக்கும் இடைவெளியே விரலுக்கு அகப்படவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். நஞ்சுக்கொடி தசைக்குள் வேர்விட்டிருக்கிறது. பிய்த்தால் திறப்பது ஆற்று மடை.

இப்படி வேர்விடுவது எதிர்பாராமல் வருவது குறைவு. முந்தைய சிசேரியன் தழும்பும், கர்ப்பப்பை வாயை மூடிக் கிடக்கும் நஞ்சுக்கொடியும் சேர்ந்தால் அபாயம்: ஒரு சிசேரியன் ஆனவருக்கு சுமார் 11 சதவீதம், இரண்டு ஆனவருக்கு 40, மூன்று ஆனவருக்கு 61. சிசேரியன் ஆன ஒவ்வொரு தாயின் ஸ்கேனிலும் நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்ற வரியைத் தேடிப் படியுங்கள். கீழே முன்சுவரில் என்று இருந்தால், ரத்த வங்கியும் மயக்க மருத்துவரும் அறுவை அரங்கும் எந்நேரமும் உள்ள இடத்தில் நாள் குறித்துப் பிரசவம் நடக்க ஏற்பாடு செய்யுங்கள். ரத்தப்போக்கே இல்லாமல் நஞ்சுக்கொடி தங்கியிருந்தாலும் இதே சந்தேகம் வர வேண்டும். அப்போது இழுக்காமல் அனுப்புங்கள்.

மருந்துக்கு அடங்காதபோது

கையே கருவி. கையுறை அணிந்த ஒரு கையை முஷ்டியாக்கிப் பிறப்புவழியின் முன்குடைவில் (கர்ப்பப்பை வாய்க்கு முன்னால் உள்ள குழிவில்) வைத்து, வெளிக்கையால் கர்ப்பப்பையின் பின்பக்கத்தை முஷ்டியை நோக்கி அழுத்துங்கள். கர்ப்பப்பை இரண்டு கைக்கும் நடுவே நசுங்கி நிற்கும். ஐந்து நிமிடத்தில் கை மரத்துப்போகும், ஆகவே மாற்று ஆள் வேண்டும். இன்னொரு வழி, தொப்புளுக்குச் சற்று மேலே, சற்று இடப்பக்கம், மூடிய கையால் முதுகெலும்பை நோக்கிப் பெருந்தமனியை அழுத்துவது. தொடை இடுக்கில் துடிப்பு நின்றால் அழுத்தம் சரி. இரண்டும் வண்டி வரும் வரை உயிரைப் பிடித்து நிறுத்தும்.

ஆணுறை பலூன் முறையை உலகுக்குத் தந்தவர் வங்கதேச மருத்துவர் சயீபா அக்தர். ஃபோலி கதீட்டரின் நுனியில் ஆணுறையை மாட்டி, நுனியிலிருந்து சற்றுக் கீழே பட்டு நூலால் கட்டுங்கள். நீர் கசியாத அளவு இறுக்கம் வேண்டும், கதீட்டரின் துளையை நெரித்துவிடவும் கூடாது; உள்ளே வைக்கும் முன் சிறிது சலைன் ஏற்றிச் சோதியுங்கள். கர்ப்பப்பையின் மேல்பகுதி வரை செலுத்தி, சலைன் 300 முதல் 500 மில்லி, ரத்தம் நிற்கும் வரை. கதீட்டரை மடக்கிக் கட்டி, நழுவாமல் இருக்கப் பிறப்புவழியில் பஞ்சுத்துணி அடையுங்கள். 24 மணி நேரம் வரை வைத்து, பிறகு சிறிது சிறிதாக வடிக்கலாம். உள்ளே துண்டு தங்கியிருந்தாலோ கிழிசல் இருந்தாலோ பலூன் உதவாது. வைத்து 15 நிமிடத்தில் நிற்காவிட்டால் அறுவை அரங்குதான். பலூன் நம்பிக்கையில் கிளம்புவதைத் தள்ளிப்போடக் கூடாது. எல்லைக்கு அப்பால் திருச்சூரில் மருத்துவர் வி.பி. பைலி, பிறப்புவழியாகவே கர்ப்பப்பைத் தமனிகளைக் கவ்விப் பிடிக்கும் கவ்வியை வடிவமைத்தார். பயிற்சி பெற்றவர் இருந்தால் அதுவும் நேரம் வாங்கித் தரும்.

அதிர்ச்சித் தடுப்பு ஆடை (கால்களையும் வயிற்றையும் இறுக்கி ரத்தத்தை மேலே திருப்பும் பட்டைகள்) இருந்தால் கணுக்காலில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள்: கணுக்கால், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, கடைசியில் வயிறு. பட்டையைச் சுண்டினால் டப் என்று சத்தம் வரும் இறுக்கம் வேண்டும், மூச்சு முட்டக் கூடாது. ஆடை மேல் இருக்கும்போதே தையல் போடலாம், கையால் நஞ்சுக்கொடி எடுக்கலாம். பாதி வழியில், நிலை தேறியதே என்று கழற்றிவிடுவது பெருந்தவறு. கால்களுக்கு ரத்தம் திரும்ப ஓடி தாய் சரிந்துவிடுவார். கழற்றுவது பெரிய மருத்துவமனையில், ரத்தம் நின்று இரண்டு மணி நேரம் நிலையாக இருந்தபின், கணுக்காலில் இருந்து, ஒவ்வொரு பட்டைக்கும் 15 நிமிட இடைவெளியில். பிபி 20 இறங்கினாலோ பல்ஸ் 20 ஏறினாலோ மறுபடி சுற்ற வேண்டும்.

எங்கே அனுப்புவது என்பதில் ஒரே விதி: ரத்தமும் அறுவை அரங்கும் இந்த நேரத்தில் தயாராக உள்ள சீமாங் மையம் (தாய்-சேய் முழு அவசர சிகிச்சை மையம்). கிளம்பும் முன் போன் செய்து, போன ரத்தத்தின் அளவு, பல்ஸ், பிபி, ரத்த வகை, போட்ட மருந்துகள், அவற்றின் நேரம், நஞ்சுக்கொடி வந்ததா என்பதைச் சொல்லுங்கள். அங்கே ரத்தம் தயாராக அரை மணி நேரமாவது மிச்சமாகும். நஞ்சுக்கொடியை டப்பாவில் போட்டுக் கூடவே அனுப்புங்கள். வண்டியில் கர்ப்பப்பையில் கை வைத்தபடி ஒரு செவிலியர் கட்டாயம் போக வேண்டும். ரத்தம் தரக்கூடிய உறவினர் இரண்டு பேர் பின்னால் வரட்டும்.

கிளம்பும் முன் ஒரு சின்னச் சோதனை. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, உள்ளங்கைச் சூட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். 7 நிமிடத்தில் உறையவில்லை, அல்லது உறைந்தது தொட்டால் உதிர்கிறது என்றால் உறையும் சக்தி போய்விட்டது. ரத்தத்தை உறையவைக்கும் பொருள்கள் உள்ள பிளாஸ்மா, கிரையோ வேண்டும் என்று அதையும் போனில் சொல்லுங்கள். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்தவர், வயிற்றில் குழந்தை இறந்து பல நாள் ஆனவர், கடும் ரத்தக் கொதிப்பு உள்ளவர் ஆகியோருக்கு இதை மறக்கவே கூடாது.

வீட்டாருக்கு

ஏழாம் மாதமே ரத்தத்தில் ஹீமோகுளோபின் எத்தனை கிராம் என்று கேளுங்கள். 11க்குக் கீழே என்றால் சோகை, 7க்குக் கீழே என்றால் கடுமை. இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் உடம்பில் ஏறாது. பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் படகில் வர வேண்டிய காணி குடியிருப்புகளில் இருந்தும், கீரிப்பாறை தோட்டப் பகுதியில் இருந்தும் வருபவர்கள் வலி வரும் வரை காத்திருக்காமல், குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே கீழே வந்து தங்குவது நல்லது.

பிரசவம் ஆன முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வயிற்றையும் பேடையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குழந்தையை உடனே மார்பில் போடுங்கள். அது சப்பும்போது தாயின் உடம்பே ஆக்ஸிடோசினைச் சுரக்கும். கெட்ட ரத்தம் போகட்டும், அடைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கெட்ட ரத்தம் என்று தனியாக ஒன்று கிடையாது. போவது அந்தத் தாயின் உயிர் ரத்தம்தான்.

வீட்டுக்கு வந்தபின் முதல் மூன்று நான்கு நாள் சிவப்பாகவும், பிறகு வெளிறியும் தீட்டு போவது இயல்பு. வெளிறியது மறுபடி சிவந்தால், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால், எலுமிச்சை அளவு கட்டி விழுந்தால், துர்நாற்றமோ காய்ச்சலோ வந்தால், வேது வைத்துக் குளிக்க எழுந்தபோது கண் இருட்டி விழப்போனால், இரவு எத்தனை மணியானாலும் 108ஐக் கூப்பிடுங்கள். உள்ளே தங்கிய துண்டோ கிருமியோ ஆறு வாரம் வரைகூட இப்படித் திரும்பி வரும்.

டிஸ்சார்ஜ் அட்டையில் எவ்வளவு ரத்தம் போனது, என்ன காரணம், எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், நஞ்சுக்கொடியைக் கையால் எடுத்தார்களா என்பதை எழுதி வாங்குங்கள். ஒருமுறை வந்தவருக்கு அடுத்த பிரசவத்திலும் வர வாய்ப்பு கூடுதல். அடுத்த கர்ப்பத்தில் முதல் செக்கப்பிலேயே அந்த அட்டையைச் செவிலியர் கையில் கொடுங்கள். பிரசவம் எந்த மருத்துவமனையில் என்பதை அன்றே முடிவு செய்துவிடலாம்.